நாலரையாம் நம்பர் வீட்டுக் குழாய்

ஒரு வீட்டுக்குக் குடிநீர்க் குழாய் கொடுப்பதென்றால், அந்த வீடு எங்கே இருக்கிறது என்று முதலில் தெரிய வேண்டும். இது குடிநீர் வாரியத்தின் நாற்பது வருடக் கொள்கை. இந்தக் கொள்கையிலிருந்து வாரியம் ஒரு நாளும் வழுவியதில்லை. தண்ணீர் வந்ததோ வரவில்லையோ, குழாய் சரியான வீட்டில்தான் இருந்தது. வீடு எங்கே இருக்கிறது என்பதைக் கணினி சொல்ல ஆரம்பித்த பிறகுதான் வினை பிடித்தது.

வாரிய அலுவலகத்தின் முதல் மாடியில், கழிவறைக்கும் பழுதான மீட்டர்களைக் குவித்து வைத்த அறைக்கும் நடுவில் கணினிப் பிரிவு இருந்தது. பிரிவு என்றால் ஒரு மேசை, இரண்டு கணினி, ஒருத்தி. அவளுடைய பதவியின் பெயர் ஒரு வரியில் அடங்காது என்பதால் அலுவலகத்தில் எல்லோரும் அவளை ‘சிஸ்டம்’ என்றே சொல்லிவந்தார்கள். “சிஸ்டம் வந்தாச்சா?” “சிஸ்டம் சாப்பிடப் போயிருக்கு.” நேரில் பேசும்போது மட்டும் மரியாதைக்கு ‘சிஸ்டம் மேடம்’.

ஒரு திங்கட்கிழமை காலை அவளுடைய அக்கா மூச்சு வாங்கப் படியேறி வந்தாள். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் உள்ள தெருவில், 9/2 எண்ணுள்ள வீட்டில் குடியிருப்பவள். குழாய்க்கு மனுப் போட்டு மூன்று மாதம் ஆகியிருந்தது.

“ஏன்டி, என் வீட்டுல குழாய் போட்டாச்சுன்னு உங்க ஆபீஸ்லேருந்து செய்தி வந்திருக்கே?”

“வந்திருந்தா போட்டிருப்பாங்க.”

“எங்க?”

“உன் வீட்டுலதான்.”

“என் வீட்டுல நான் இருக்கேன். உன் மாமா இருக்காரு. பிள்ளைங்க ரெண்டும் இருக்கு. குழாயை மட்டும் காணோம். நீயே வந்து தேடிக் குடு.”

சிஸ்டம் திரையைப் பார்த்தாள். அக்காவின் பெயர் இருந்தது. ‘பணி நிறைவுற்றது’ என்று பச்சை எழுத்தில் இருந்தது. கதவு எண் என்ற இடத்தில் 4.5 என்று இருந்தது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள். அப்போதும் நாலரையாகத்தான் இருந்தது.

குழாய் மேஸ்திரியைக் கூப்பிட்டு விட்டாள். இருபத்தாறு வருடச் சர்வீஸில் மேலிடத்து உத்தரவை ஒரு முறைகூட மீறாதவர் என்று அவருக்கு நற்பெயர் உண்டு.

“நாலரைன்னு வந்துச்சு மேடம்” என்றார் மேஸ்திரி. “நாலாம் நம்பர் வீட்டுக்கும் அஞ்சாம் நம்பர் வீட்டுக்கும் நடுவுல ஒரு மதில் சுவர். டேப் பிடிச்சு அளந்தேன். நட்ட நடுவுல போட்டிருக்கேன். ஒரு நூல் அந்தப் பக்கம் இந்தப் பக்கம் இருக்காது.”

“நாலரைன்னு ஒரு வீடு இருக்குமாண்ணே?”

“எனக்கும் அந்தச் சந்தேகம் வந்துச்சு மேடம். ஆனா சந்தேகத்தை எழுதறதுக்கு ஃபாரத்துல கட்டம் இல்லையே.”

“வேற எங்கயாவது இப்படி வந்துச்சா?”

“ஏழு மாசமா இப்படித்தான் வருது. ஆறாம் நம்பருக்கு மட்டும் நாலு தடவை போட்டாச்சு. முன்னாடியே இருந்ததையும் சேர்த்து அவருக்கு அஞ்சு குழாய். முக்கால் நம்பர்னு ஒண்ணு வந்துச்சு. முதல் வீட்டுக்கு முன்னாடி நடைபாதையில போட்டேன்.” மேஸ்திரி குரலைத் தாழ்த்தினார். “ஒண்ணே ஒண்ணுதான் மேடம் முடியல. மூணு புள்ளி மூணு மூணு மூணுன்னு போயிட்டே இருக்கு. பதினஞ்சு நாளாத் தோண்டறோம். அந்த மூணு எங்க முடியுதுன்னு சொன்னீங்கன்னா குழியை மூடிடலாம்.”

அவளுக்குப் புரிந்துவிட்டது. ஒன்பதை இரண்டால் வகுத்தால் நாலரை. பன்னிரண்டு கீழ் இரண்டு, பதினெட்டு கீழ் மூன்று, இருபத்துநாலு கீழ் நாலு, முப்பது கீழ் ஐந்து எல்லாம் ஆறு. கோடு போட்ட கதவு எண்ணைக் கண்டால் கணினி அதை வகுத்துவிடுகிறது.

மென்பொருள் எழுதுகிறவர்கள் எல்லாவற்றையும் தாங்களே எழுதுவதில்லை. இன்னொருவர் எழுதி வைத்த துண்டுகளை எடுத்துக் கோத்துக்கொள்வார்கள். அந்தத் துண்டுகளுக்கு லைப்ரரி ஃபைல் என்று பெயர். ஒரு துண்டுக்குள் இன்னொரு துண்டு, அதற்குள் இன்னொன்று என்று போகும். சிஸ்டம் ஒவ்வொன்றாக உரித்துக்கொண்டே போய், நாலாவது அடுக்கில், விரல் நீளம்கூட இல்லாத ஒரு சின்ன ஃபைலைப் பிடித்தாள். குற்றவாளி அதுதான். அக்காவைச் சமாதானப்படுத்தி அனுப்பிவிட்டு நேரே செயற்பொறியாளரின் அறைக்குப் போனாள்.

செயற்பொறியாளரின் தலைக்கு மேல் சுவரில் ஒரு கடிதம் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கியது. ஆறாம் நம்பர் வீட்டில் இருக்கும் ஓய்வுபெற்ற கோர்ட்டு எழுத்தர், வாரியத்தின் தாராள மனதைப் பாராட்டி எழுதியது. வாரியத்துக்கு வந்த முதல் பாராட்டுக் கடிதம் என்பதால் அவரே தன் கையால் ஆணி அடித்து மாட்டியிருந்தார்.

“சார், ஒரு லைப்ரரி ஃபைல்ல கோளாறு இருக்கு. மாத்தணும்.”

“லைப்ரரியா? அது நம்ம துறை இல்லையே. அவங்களுக்கு எழுதிடுங்க.”

“இது அந்த லைப்ரரி இல்ல சார்.”

“எந்த லைப்ரரியா இருந்தாலும் முறைன்னு ஒண்ணு இருக்கில்ல?”

நூலகத் துறைக்கு எழுதப்பட்டது. இருபத்து மூன்று நாள் கழித்துப் பதில் வந்தது. ‘தங்கள் கடிதத்தில் குறிப்பிடப்பட்ட பொருள் எங்கள் இருப்பில் இல்லை. தங்கள் அலுவலகத்தால் இரவல் பெறப்பட்டுச் சேதப்படுத்தப்பட்டிருப்பின், உரிய படிவத்தில் வருத்தம் தெரிவிக்கவும்.’ செயற்பொறியாளர் முன்யோசனையாக வருத்தமும் தெரிவித்து வைத்தார்.

அதற்குள் சிஸ்டம் அந்தச் சின்ன ஃபைலின் தலைப்பில் ஒரு தொலைபேசி எண்ணைக் கண்டுபிடித்திருந்தாள். கூப்பிட்டாள். எடுத்தவர் ஒரு மாட்டு டாக்டர். எங்கோ தொலைவில் ஒரு கால்நடை மருத்துவமனையில் இருந்தார். பின்னால் ஏதோ ஒரு கன்று கத்திக்கொண்டிருந்தது.

“என் ஃபைலா? அது எட்டு வருஷத்துக்கு முன்னாடி எழுதினதும்மா. யாருக்காவது உபயோகப்படட்டும்னு இலவசமா இணையத்துல போட்டு வச்சேன். ஒம்பது மில்லி மருந்து, ரெண்டு கன்னுக்குட்டி. ஒம்பது பை ரெண்டுன்னு அடிச்சா தலைக்கு நாலரைன்னு சொல்லணும். ஏம்மா, தப்பா சொல்லுதா?” அவர் குரலில் பதற்றம் தெரிந்தது. “கன்னுக்குட்டி எதுக்காவது ஏதாவது ஆயிடுச்சா?”

“இல்ல டாக்டர். கணக்கு சரியாத்தான் வருது. ஆனா நாங்க அதுல போட்டுக் குடுக்கறது கன்னுக்குட்டி இல்ல.”

“பின்ன?”

“வீடு.”

சற்று நேரம் கன்று மட்டும் கத்தியது.

“வீட்டுக்கு எதுக்கும்மா மருந்து?”

அவள் விளக்கினாள். டாக்டர் நல்ல மனிதர். தன் மருந்து யாரோ ஒரு பெண்மணியின் குழாயை மதில் சுவரில் ஏற்றிவிட்டது என்று கேட்டு மிகவும் சங்கடப்பட்டார். “சாயங்காலத்துக்குள்ள திருத்திப் போட்டுடறேன். கோடு போட்டிருந்தா கை வைக்காதே, அப்படியே விட்டுடுன்னு ஒரு வரி எழுதினாப் போதும்” என்றார். சொன்னபடியே சாயங்காலம் ஐந்து மணிக்குத் திருத்திய ஃபைலை அனுப்பியும் விட்டார்.

வாரியத்தின் நீண்ட வரலாற்றில் ஒரு கோளாறு அன்றைக்கே சரிசெய்யப்பட்டது அதுதான் முதல் தடவை. ஆகவே செயற்பொறியாளருக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

“ஒரு மாட்டு டாக்டரை நம்பியா வாரியம் நடக்குது? இவரை யார் உள்ள விட்டது?”

“யாரும் விடல சார். நாம ஒரு கம்பெனிகிட்ட சாஃப்ட்வேர் வாங்கினோம். கம்பெனிக்காரங்க வேற ஒருத்தரோட முகவரி ஃபைலைச் சேர்த்துக்கிட்டாங்க. அவரு இன்னொருத்தரோட எண் ஃபைலைச் சேர்த்துக்கிட்டாரு. அதுக்குள்ள டாக்டர் இருந்தாரு. விருந்தாளியோட சிநேகிதனோட மச்சான் மாதிரி.”

“அழைக்காம வந்தவர்.”

“ஆமா சார். ஆனா பந்தியில உக்காந்து எட்டு மாசம் ஆச்சு.”

“அப்படின்னா எழுப்பறதுக்கும் முறை இருக்கு.” செயற்பொறியாளர் பேனாவைத் திறந்தார். “மாட்டுக்கான ஃபைல்ல நாம கை வைக்கறோம். கால்நடைத் துறையோட தடையின்மைச் சான்றிதழ் வாங்குங்க.”

கால்நடைத் துறை ஒரே ஒரு கேள்வி கேட்டது. உத்தேசிக்கப்பட்டுள்ள மாற்றத்தால் குடிநீர் வாரிய எல்லைக்குள் உள்ள கால்நடைகளுக்குப் பாதிப்பு உண்டா? எல்லைக்குள் கால்நடையே இல்லை என்று சிஸ்டம் எழுதினாள். இல்லை என்பதற்கு அத்தாட்சி கேட்டார்கள். மேஸ்திரி நான்கு நாள் தெருத்தெருவாக நடந்து மாடு தேடினார்.

“ஒண்ணு இருக்கு மேடம்” என்றார் வந்து. “ஆறாம் நம்பர் வீட்டுல. அஞ்சு குழாய்த் தண்ணியை என்ன பண்றதுன்னு புல்லு வளர்த்திருக்காரு. புல்லை என்ன பண்றதுன்னு பசு வாங்கியிருக்காரு.”

அந்தப் பசுவைப் பரிசோதித்து, மாற்றத்தால் அதற்கு ஆட்சேபணை இல்லை என்று சான்றிதழ் வர இரண்டரை மாதம் ஆனது.

இதற்கிடையில் அக்காவின் பாடு திண்டாட்டமாக இருந்தது. தினமும் காலையில் இரண்டு குடத்தை எடுத்துக்கொண்டு தெருவின் அந்தக் கோடிக்கு நடந்தாள். நாலாம் நம்பர்க்காரி சுவர் என்னுடையது என்றாள். அஞ்சாம் நம்பர்க்காரி குழாய் தன் பக்கம்தான் பார்க்கிறது என்றாள். இருவரும் வாரியத்துக்கு எழுதினார்கள். குழாய் யார் பெயரில் இருக்கிறதோ அவருக்கே உரியது, மற்றவர் கை வைத்தால் நடவடிக்கை எடுக்கப்படும் என்று வாரியம் பதில் எழுதியது. அக்கா அந்தப் பதிலை மதில் சுவரில் ஒட்டிவிட்டு, குழாய்க்கு ஒரு பூட்டும் வாங்கிப் போட்டாள். பூட்டுப் போடுவதற்கு முந்தின வாரம் ஒரு நாள் சிஸ்டம் மத்தியானத்தோடு அலுவலகத்தை விட்டுக் கிளம்பிப் போய்ப் பார்த்தாள். வெயிலில் குடமும் இடுப்புமாக அக்கா நடந்து வருவதைக் கண்டதும் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. “இன்னும் கொஞ்ச நாள்தான்க்கா” என்று குடத்தை வாங்கிக்கொண்டாள்.

கடைசியில் அந்தத் திங்கட்கிழமை வந்தது. திருத்திய ஃபைல் முறைப்படி ஏற்றப்பட்டது. 9/2 என்று அடித்தாள். 9/2 என்றே நின்றது. அவள் நாற்காலியில் சாய்ந்து பெருமூச்சு விட்டாள்.

மேஸ்திரி மத்தியானம் சோர்ந்துபோய் வந்தார். “இன்னைக்கு வந்த விலாசம் எல்லாம் நிஜ விலாசமா இருக்கு மேடம். போனா வீடு இருக்கு. டேப்பை எடுக்கவே வேலை இல்ல. கை ஒடிஞ்ச மாதிரி இருக்கு.” இருந்தாலும் உத்தரவு உத்தரவுதான். தப்பாகப் போட்ட குழாய்களை இடம் மாற்றப் பட்டியல் தயாரானது. அக்காவுக்கு வியாழக்கிழமை.

புதன்கிழமை காலை பத்தரை மணிக்கு அலுவலகத்தில் ஒரு கூச்சல் கிளம்பியது.

அரைநாள் விடுப்பு எடுப்பவர்கள் வருகைப் பதிவில் 1/2 என்று எழுதுவது அங்கே நெடுநாளைய வழக்கம். வருகைப் பதிவு மென்பொருளும் யாருக்கும் தெரியாமல் அதே மாட்டு டாக்டரின் ஃபைலைத்தான் நம்பியிருந்தது. அவர் புண்ணியத்தில் 1/2 என்பது இத்தனை நாள் அரையாக இருந்தது. இப்போது கோட்டில் கை வைக்காதே என்று சொல்லிவிட்டதால் 1/2 என்பது 1/2 ஆகவே நின்றது. அது அரையும் இல்லை, முழுசும் இல்லை. கணினி யோசித்துப் பார்த்துவிட்டு, இவர்கள் எல்லாம் சொல்லாமல் கொள்ளாமல் காணாமல் போனவர்கள் என்று தீர்மானித்து, விளக்கம் கேட்டு ஆளுக்கொரு குறிப்பாணை அனுப்பிவிட்டது. அந்த மாதம் அரைநாள் விடுப்பு எடுக்காதவர் அந்த அலுவலகத்தில் ஒருவரும் இல்லை. நாற்பத்து மூன்று பேருக்கும் வந்தது. சிஸ்டத்துக்கும் வந்தது. செயற்பொறியாளருக்கும் வந்தது.

அவர் தன் குறிப்பாணையை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு அவளைக் கூப்பிட்டார்.

“இதுல யார் கையெழுத்து?”

“உங்களோடதுதான் சார். எல்லாக் குறிப்பாணையும் உங்க கையெழுத்தோடதான் போகும்.”

“மூணு நாளுக்குள்ள நான் யார்கிட்ட விளக்கம் குடுக்கணும்?”

“உங்ககிட்ட.”

“நான் அதை ஏத்துக்கலேன்னா?”

“மேல்முறையீடு பண்ணலாம் சார்.”

“யார்கிட்ட?”

அவள் அவரையே கைகாட்டினாள். அவர் தன்னைப் பற்றி நன்றாக அறிந்தவர். அவர் முகம் வெளுத்தது. “பழைய ஃபைலையே போடுங்க. உடனே.”

“தடையின்மைச் சான்றிதழ்…”

“இது அவசர நிலைங்க!”

“சார், ஒரு வழி இருக்கு. 1/2 க்குப் பதிலா எல்லாரும் 0.5 னு எழுதினாப் போதும். ஒரு சுற்றறிக்கை விட்டா முடிஞ்சுது.”

“நாப்பது வருஷப் பழக்கத்தை ஒரே நாள்ல மாத்தச் சொல்றீங்களா? நாப்பத்து மூணு பேர் இருக்காங்க!”

“அந்தப் பக்கம் கோடு போட்ட நம்பர்ல முன்னூத்துப் பதினேழு வீடு இருக்கு சார்.”

“அவங்க ஊழியர்கள் இல்லையே.”

“ரெண்டு ஃபைலையும் வச்சுக்கலாம்னா, நம்ம சாஃப்ட்வேர்ல ஒரு உறையில ரெண்டு கத்தி போகாது.”

“அப்ப நம்ம கத்தியைப் போடுங்க.”

அவளுக்கு ஆத்திரமாக வந்தது. முன்னூற்றுப் பதினேழு வீட்டுக்காரர்களும் திரண்டு வந்தால் இவர் என்ன செய்வார் என்று பார்க்கலாம் என்று நினைத்தாள். நினைத்துக்கொண்டே படியிறங்கினால், கீழே மனு வாங்கும் ஜன்னலுக்கு முன்னால் நிஜமாகவே கூட்டம் திரண்டிருந்தது. அவள் மனசு குளிர்ந்தது.

வரிசையில் முதலாவதாகக் கோர்ட்டு எழுத்தர் நின்றார். குழாய்களை இடம் மாற்றக் கூடாது, ஒரு வாயில்லா ஜீவனின் வாழ்வு அவற்றை நம்பியிருக்கிறது என்று நாலு பக்கம் எழுதியிருந்தார். அடுத்து நடைபாதைக் குழாயில் முகம் கழுவும் பேருந்து ஓட்டுநர்கள், முக்கால் நம்பரில் யாரும் கை வைக்கக் கூடாது என்று கேட்டிருந்தார்கள். அதற்கடுத்து நாலாம் நம்பர்க்காரியும் அஞ்சாம் நம்பர்க்காரியும் கைகோத்து நின்றார்கள். அவர்களுக்கு நடுவில், கையில் மனுவோடு, அக்கா.

“நீ எங்கக்கா இங்க? நாளைக்குத்தான் உன் வீட்டுக்குக் குழாய் வருதே.”

“அதை நிறுத்தத்தான்டி வந்தேன்.”

“என்ன சொல்ற? நாலு மாசமா என்கிட்ட அழுதியே!”

“அழுதேன். அப்ப பூட்டு போடல.” அக்கா அவளைக் கொஞ்சம் ஒதுக்குப்புறமாகத் தள்ளிக்கொண்டு போனாள். “இப்ப அவங்களுக்குத் தண்ணி வேணும்னா சாவி என்கிட்டதான் இருக்கு. குடம் தூக்கறது நான் இல்ல. அஞ்சாம் நம்பர்ல தூக்கிக்கிட்டு வந்து வீட்டுல வச்சுட்டுப் போறாங்க. நாலாம் நம்பர்ல பிள்ளைங்களுக்கு தினமும் கணக்கு சொல்லித் தர்றாங்க. உன் மாமா தெருவுல நடந்தா எழுந்து நிக்கறாங்கடி. குழாய் என் வீட்டுக்கு வந்தா தண்ணி மட்டும்தான் வரும். அங்கயே இருந்தா மரியாதையும் வருது.”

“நான் உனக்காக மாட்டைக்கூடத் தேட வச்சேன்க்கா.”

“யாரு தேடச் சொன்னா? நீ சும்மா இருந்தாலே எல்லாம் சரியாத்தான் நடக்குது.”

அன்று வந்த இருபத்தெட்டு மனுக்களில் திருத்திய ஃபைலே இருக்கட்டும் என்று கேட்டது ஒன்றே ஒன்று. 10/3 வீட்டுக்காரர் எழுதியது. மேஸ்திரி முடிவு தெரியாமல் தோண்டிக்கொண்டிருக்கும் குழியைத் தாண்ட முடியாமல் சுற்றி வந்ததால் அவர் தாமதமாக வந்து கடைசியில் நின்றார். அவருடைய மனு சரியான விலாசத்தில் முறைப்படி பதிவாகியது.

சிஸ்டம் மாடியேறிப் போய் உட்கார்ந்தாள். பழைய ஃபைலை எடுத்துப் போட்டாள். போன தடவை சான்றிதழ்களோடு நாலு மாதம் பிடித்த காரியம் இந்தத் தடவை பதினொரு நிமிடத்தில் முடிந்தது. நாற்பத்து மூன்று குறிப்பாணைகளும் திரையிலிருந்து மறைந்தன. செயற்பொறியாளர் தன்னைத் தானே மன்னித்த திருப்தியோடு கீழே போய்க் காபி சாப்பிட்டார். 10/3 வீட்டுக்காரரின் மனு 3.333-ஆம் வீட்டுக்கு மாற்றப்பட்டு, அப்படி ஒரு வீடு இல்லாததால் தள்ளுபடி ஆனது.

மூன்று மணிக்கு மாட்டு டாக்டர் கூப்பிட்டார்.

“எல்லாம் சரியாயிடுச்சாம்மா? மனசே ஆறல எனக்கு.”

“பழசையே போட்டுட்டோம் டாக்டர்.”

“அடடா. புதுசுல ஏதாவது தப்பு இருந்துச்சா?”

“ஒரு தப்பும் இல்ல டாக்டர். அதான் யாருக்கும் ஒத்துக்கல.”

செயற்பொறியாளரிடமிருந்து ஒரு குறிப்பு கையெழுத்துக்கு வந்தது. ‘பொதுமக்கள், ஊழியர் ஆகிய இரு தரப்பின் ஏகோபித்த கோரிக்கையை ஏற்று, இதுவரை பிழை என்று தவறாகக் கருதப்பட்டுவந்த ஏற்பாடு இன்று முதல் வசதி என்று அழைக்கப்படும்.’ கணினிப் பிரிவின் ஒப்புதல் என்ற இடம் காலியாக இருந்தது. அவள் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்தாள். குழி தோண்டும் சத்தம் கேட்டது. அவளுக்குத் தலை வலித்தது. வீட்டுக்குப் போய்ப் படுத்தால் தேவலை என்று இருந்தது.

கையெழுத்துப் போட்டாள். பிறகு வருகைப் பதிவைத் திறந்து, அன்றைய தேதிக்கு நேராகத் தன் பெயரில் 1/2 என்று எழுதினாள். கணினி அதைச் சரியாகப் புரிந்துகொண்டது.